லேப்டாப் ஸ்லோவா... புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க! - எஸ்.எஸ்.டி வாங்க ஒரு கம்ப்ளீட் கைடு

பவர் பட்டனை அழுத்திட்டு, டீ போட்டு, குடிச்சு முடிச்சுட்டு வந்தாலும் அந்த வட்டம் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கா? உங்களுக்கானதுதான் இந்தக் கட்டுரை.

என் சித்தி பொண்ணு இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். 2019-ல் வாங்கிய லேப்டாப். "அண்ணா, இது ஆன் ஆகுறதுக்குள்ள ஆன்லைன் கிளாஸே முடிஞ்சுடுது" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். சித்தப்பா, "சரி விடு, இ.எம்.ஐ போட்டுப் புதுசே எடுத்துடலாம்" என்று கடைக்குக் கிளம்பவே தயாராகிவிட்டார். "இருங்க சித்தப்பா, நான் பார்த்துக்குறேன்" என்று கெத்தாகச் சொல்லிவிட்டு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு எஸ்.எஸ்.டி வாங்கிவந்தேன். பிரித்து, சொருகி, ஸ்க்ரூ போட்டு, ஆன் செய்தால்... லேப்டாப்புக்கு அப்படியொரு டிரைவ் இருப்பதே தெரியவில்லை. காரணம், அந்த லேப்டாப் ஏற்காத வகையை வாங்கிவந்திருந்தேன். தப்பு கடைக்காரருடையது இல்லை. 'ஸ்பீடானது எது'ன்னு மட்டும் கேட்டேன். 'என் லேப்டாப்புக்குச் செட் ஆகுமா'ன்னு கேட்கவே இல்லை.

எஸ்.எஸ்.டி வாங்கும் பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இதுதான். எது வேகமானது என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் மெஷினில் எது பொருந்தும் என்பதுதான் முதல் கேள்வி. அந்த வரிசையிலேயே பார்க்கலாம், வாங்க.

ஏன் இவ்ளோ ஸ்லோ?

பழைய லேப்டாப்களில் இருக்கும் ஹார்டு டிஸ்க், கிட்டத்தட்ட ஒரு கிராமபோன் மாதிரி. உள்ளே வட்டத்தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். டெஸ்க்டாப் என்றால் பெரும்பாலும் 7,200 முறை. அதன்மேல் ஒரு சின்னக் கை அங்குமிங்கும் நகர்ந்து டேட்டாவைத் தேடிப் படிக்கும். ஒவ்வொரு தேடலுக்கும் சுமார் 10 முதல் 15 மில்லி செகண்ட். கேட்க ரொம்ப கம்மியா தெரியும். ஆனால் விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்களைத் தேடுகிறது. எல்லாத்துக்கும் அந்த ஒரே கைதான் ஓடணும்!

எஸ்.எஸ்.டி-யில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. உங்க போன், பென் டிரைவ் மாதிரி எல்லாமே சிப். ஒரு தேடலுக்கு 0.1 மில்லி செகண்டோ அதற்கும் குறைவாகவோதான் ஆகும். அதாவது நூறு மடங்கு வித்தியாசம். பழைய மெஷினில் டிஸ்க்கை மட்டும் மாற்றினாலே புது மெஷின் மாதிரி தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

முதல்ல, பிரச்னை டிஸ்க்தானா?

காசு செலவழிக்கும் முன் ஒரு நிமிட டெஸ்ட். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'டிஸ்க்' என்பதைப் பாருங்கள். அங்கேயே ஹெச்.டி.டி-யா, எஸ்.எஸ்.டி-யா என்று எழுதியிருக்கும்.

* ஹெச்.டி.டி என்று இருந்து, சும்மா இருக்கும்போதே அடிக்கடி 100% காட்டினால், குற்றவாளி டிஸ்க்தான். எஸ்.எஸ்.டி மாற்றினால் கண்டிப்பாக வித்தியாசம் தெரியும்.

* ஏற்கெனவே எஸ்.எஸ்.டி இருந்து, 'மெமரி' 90 சதவிகிதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்குத் தேவை ரேம். 4 ஜி.பி ரேம் வைத்துக்கொண்டு க்ரோமில் இருபது டேப் திறந்தால் எந்த எஸ்.எஸ்.டி-யும் காப்பாற்றாது. முடிந்தால் 8 ஜி.பி ஆக்குங்கள்.

* சி.பி.யூ எப்போதும் 100% என்றால், பிராசஸர் திணறுகிறது அல்லது ஏதோ ஒரு சாஃப்ட்வேர் அதைப் பிழிகிறது. இதற்கும் எஸ்.எஸ்.டி மருந்து இல்லை.

இன்னொரு விஷயம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம் 2.0 வேண்டும்; இன்டெல் என்றால் பொதுவாக 8-வது தலைமுறை பிராசஸரோ, அதற்குப் பிறகு வந்ததோ இருக்க வேண்டும். அதைவிடப் பழைய மெஷின் என்றால், எஸ்.எஸ்.டி போட்டு லினக்ஸ் மின்ட், உபுன்டு போன்றவற்றில் ஓட்டலாம். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கிடைத்த பழைய மெஷின் பலர் வீட்டுப் பரணில் தூங்கிக்கொண்டிருக்கும். அதையும் இப்படித் தட்டி எழுப்பலாம். பிரவுசிங், டைப்பிங், யூடியூப் இதுக்கெல்லாம் தாராளமா போதும்.

மூணு வகை இருக்கு... உங்களுக்கு எது?

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படித்துவிடுங்கள். நான் காசு விட்ட இடம் இது!

1. 2.5 இன்ச் சாட்டா: பார்க்க ஒரு மெலிந்த தீப்பெட்டி பாக்கெட் மாதிரி இருக்கும். பெரும்பாலும் 7 மில்லி மீட்டர் தடிமன். லேப்டாப்பில் பழைய ஹார்டு டிஸ்க் இருந்த அதே இடத்தில், அதே கனெக்டரில் அப்படியே உட்காரும். டெஸ்க்டாப்பில் ஒரு சாட்டா டேட்டா கேபிளும், எஸ்.எம்.பி.எஸ்-லிருந்து வரும் பவர் கேபிளும் போதும். பழைய மெஷின்களுக்கு ரிஸ்க்கே இல்லாத சாய்ஸ்.

2. எம்.2 சாட்டா: பார்க்கச் சூயிங்கம் பட்டை மாதிரி, ரேம் ஸ்டிக்கின் தம்பி போல இருக்கும். வடிவம் மட்டும்தான் புதுசு. வேகம் 2.5 இன்ச் சாட்டாவுடையதேதான்.

3. எம்.2 என்.வி.எம்.இ: அதே பட்டை வடிவம். ஆனால் இது பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் பாதையில் ஓடும். சாட்டாவைவிடப் பல மடங்கு வேகம். இன்றைய புது லேப்டாப்களில் பெரும்பாலும் இதுதான் வருகிறது.

இரண்டாவதும் மூன்றாவதும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதுதான் சிக்கல். சித்தி பொண்ணு லேப்டாப்பில் எம்.2 ஸ்லாட் இருந்தது. ஆனால் அது சாட்டாவை மட்டுமே ஏற்கும் ஸ்லாட். நான் சொருகியது என்.வி.எம்.இ. பிளக் பொருந்தும், கரன்ட் வராது என்கிற கதைதான்.

பொதுவான ஒரு அடையாளம்: எம்.2 சாட்டா டிரைவின் தங்க நிறப் பின்களில் பெரும்பாலும் இரண்டு வெட்டு இருக்கும். என்.வி.எம்.இ-யில் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் இதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். டிரைவின் லேபிளையும், உங்கள் லேப்டாப் மாடலின் மேனுவலையும் பாருங்கள். லேப்டாப்பின் அடியில் இருக்கும் முழு மாடல் எண்ணை நிறுவனத்தின் சப்போர்ட் தளத்தில் போட்டால், எந்த ஸ்லாட், எந்த வகை, எத்தனை ஸ்லாட் என்று சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஒரே பெயரில் வரும் லேப்டாப்பிலேயே மாடலுக்கு மாடல் ஸ்லாட் மாறும். அதனால் முழு எண் முக்கியம்.

எம்.2-வில் நீளத்தையும் கவனிக்க வேண்டும். 2280 என்றால் 22 மில்லி மீட்டர் அகலம், 80 மில்லி மீட்டர் நீளம். அதிகம் கிடைப்பது இதுதான். ஆனால் சில லேப்டாப்களில் 2242, 2230 போன்ற குட்டி சைஸ்தான் பொருந்தும். அளவு தெரியாம வாங்குன செருப்பு மாதிரி ஆகிடக் கூடாது பாருங்க!

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: சில மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால், ஒன்றிரண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாது. எந்தெந்த போர்ட் என்பது மதர்போர்டு மேனுவலில் இருக்கும். மிகப் பழைய மதர்போர்டு என்றால், அடாப்டர் கார்டு வழியாக என்.வி.எம்.இ போட்டாலும் அதிலிருந்து பூட் ஆகாமல் போகலாம். அங்கே 2.5 இன்ச் சாட்டாவே நிம்மதி.

மாற்றவே முடியாத மெஷின்களும் உண்டு. 2018 முதல் வந்த மேக்புக் புரோ, மேக்புக் ஏர் மாடல்களில் ஸ்டோரேஜ் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். விலை குறைந்த சில குட்டி லேப்டாப்களில் இருக்கும் இ.எம்.எம்.சி ஸ்டோரேஜும் அப்படித்தான். இவற்றுக்கு யூ.எஸ்.பி-யில் இணைக்கும் எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி-தான் வழி.

7,000 எம்.பி வேகம் நமக்கு வேணுமா?

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்துத்தான் பலரும் மயங்குகிறோம். ஒரு சின்ன ஒப்பீடு. இதெல்லாம் ஒரு விநாடிக்கு அதிகபட்சமாகப் படிக்கும் வேகம்.

* லேப்டாப் ஹார்டு டிஸ்க்: சுமார் 100 எம்.பி
* சாட்டா எஸ்.எஸ்.டி: சுமார் 550 எம்.பி
* என்.வி.எம்.இ, மூன்றாம் தலைமுறை: சுமார் 3,500 எம்.பி
* என்.வி.எம்.இ, நான்காம் தலைமுறை: சுமார் 7,000 எம்.பி
* என்.வி.எம்.இ, ஐந்தாம் தலைமுறை: 14,000 எம்.பி வரை

பார்த்தவுடன், 'அப்போ சாட்டா வேஸ்ட்தானே' என்று தோன்றும். இல்லை. இந்த எண்கள் எல்லாம் பெரிய ஃபைல் ஒன்றை ஒரே மூச்சில் படிக்கும்போது கிடைப்பவை. நாம் தினமும் செய்யும் வேலைகள், ஆயிரம் குட்டி ஃபைல்களைப் படிப்பவை. அங்கே ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்.எஸ்.டி-க்கு மாறுவது மாட்டு வண்டியிலிருந்து பைக்குக்கு மாறுவது மாதிரி. சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ-க்கு மாறுவது, 150 சிசி பைக்கிலிருந்து 400 சிசி பைக்குக்கு மாறுவது மாதிரி. மவுன்ட் ரோடு டிராஃபிக்கில் ரெண்டுமே ஏறக்குறைய ஒண்ணாத்தான் போய்ச் சேரும். விண்டோஸ் ஆன் ஆவதில் சில விநாடிகள்தான் வித்தியாசம்.

பெரிய வீடியோக்களை எடிட் செய்பவர்களுக்கும், தினமும் நூறு ஜி.பி கணக்கில் காப்பி செய்பவர்களுக்கும்தான் அந்த 7,000 நிஜமாகவே உதவும். நான்காம் தலைமுறை டிரைவை மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் போட்டாலும் வேலை செய்யும். ஆனால் ஸ்லாட்டின் வேகம்தான் கிடைக்கும். அதிகக் காசு கொடுத்து அந்த வேகத்தைப் பெட்டிக்குள் பூட்டிவைக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

எத்தனை ஜி.பி வாங்கலாம்?

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவே 64 ஜி.பி. அது வெறும் உள்ளே நுழைவதற்கான டிக்கெட். 256 ஜி.பி என்பது பிரவுசிங், ஆபீஸ் வேலைக்கு ஓகே, சீக்கிரம் இறுக்கும். படிப்பு, வேலை, போட்டோ, கொஞ்சம் கேம் என்று எல்லாம் கலந்து பயன்படுத்துபவர்களுக்கு 500 ஜி.பி-தான் சரியான அளவு. வீடியோ எடிட்டிங், பெரிய கேம்கள் என்றால் 1 டி.பி.

ஃபுல்லாக நிரப்பி வைத்தால் எஸ்.எஸ்.டி மூச்சு வாங்கும். 15 முதல் 20 சதவிகிதம் எப்போதும் காலியாக விடுங்கள். அப்புறம், 500 ஜி.பி வாங்கினால் விண்டோஸில் 465-தான் காட்டும். 1 டி.பி என்றால் 931. யாரும் ஏமாற்றவில்லை. நிறுவனங்கள் ஆயிரத்தால் கணக்குப் போடுகின்றன, விண்டோஸ் 1,024-ஆல் போடுகிறது. அவ்வளவுதான்.

டி.எல்.சி, கியூ.எல்.சி, டி.பி.டபிள்யூ... என்ன பாஷை இது?

டி.எல்.சி / கியூ.எல்.சி: சிப்பில் இருக்கும் ஒவ்வொரு செல்லிலும் எத்தனை பிட் திணிக்கிறார்கள் என்பது. டி.எல்.சி-யில் 3, கியூ.எல்.சி-யில் 4. ஒரே அறையில் மூன்று பேர் தங்குவதற்கும் நான்கு பேர் தங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். கியூ.எல்.சி விலை குறைவு. ஆனால் பெரிய ஃபைல்களைத் தொடர்ந்து எழுதும்போது வேகம் நன்றாகவே இறங்கும், ஆயுளும் குறைவு. விண்டோஸ் போடப்போகும் முக்கிய டிரைவ் என்றால் டி.எல்.சி தேடுங்கள். படங்களும் கேம்களும் சேமிக்கும் இரண்டாவது டிரைவுக்கு கியூ.எல்.சி போதும்.

டி-ரேம்: எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்ற பட்டியலை வைத்துக்கொள்ள, டிரைவுக்குள்ளேயே இருக்கும் குட்டி மெமரி. இது இல்லாத டிரைவ் விலை குறைவாக இருக்கும். என்.வி.எம்.இ-யில் இது இல்லாவிட்டாலும், உங்கள் கம்ப்யூட்டரின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளிக்கும் வசதி பெரும்பாலான டிரைவ்களில் உண்டு. அதனால் சாதாரணப் பயன்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். சாட்டா டிரைவுக்கு அந்த வசதி இல்லை. அங்கே டி-ரேம் இருப்பதை வாங்க முடிந்தால் நல்லது.

டி.பி.டபிள்யூ: வாரன்டி காலத்தில் மொத்தம் எத்தனை டெரா பைட் வரை எழுதலாம் என்று நிறுவனம் கொடுக்கும் கணக்கு. உதாரணமாக, சாம்சங் 870 ஈவோ 500 ஜி.பி டிரைவுக்கு 300 டெரா பைட், ஐந்து வருடம். தினமும் 30 ஜி.பி எழுதினால் அந்த எல்லையைத் தொட 27 வருடம் ஆகும். 'எஸ்.எஸ்.டி சீக்கிரம் தேஞ்சு போயிடும்பா' என்று யாராவது பயமுறுத்தினால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

கடையில... உஷார்!

மெமரி சிப் விலை நிலையாக இருப்பதில்லை. ஏ.ஐ டேட்டா சென்டர்கள் வாங்கிக் குவிப்பதால், 2025 கடைசியிலிருந்து எஸ்.எஸ்.டி, ரேம் விலை நன்றாகவே ஏறியது. அதனால் போன வருஷ விலையை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இரண்டு மூன்று இடங்களில் விசாரித்து, விலையை ஜி.பி-யால் வகுத்து ஒப்பிடுங்கள்.

விலை ஏறும்போது போலிகளும் ஏறும். '16 டி.பி எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி, விலை இரண்டாயிரம் ரூபாய்' என்று விளம்பரம் வந்தால் விரலைக்கூட அந்தப் பக்கம் கொண்டு போகாதீர்கள். உள்ளே ஒரு மெமரி கார்டை ஒட்டி, கம்ப்யூட்டரிடம் '16 டி.பி' என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். காப்பி ஆவது போலவே தெரியும். கொஞ்ச நாள் கழித்துத் திறந்தால் பாதி ஃபைல் இருக்காது.

பில், வாரன்டி எத்தனை வருடம், சர்வீஸ் சென்டர் இந்தியாவில் இருக்கிறதா என்பதை வாங்கும்போதே உறுதி செய்யுங்கள். ஐந்து வருட வாரன்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். வாங்கியதும் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச சாஃப்ட்வேரில் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று பெரும்பாலான டிரைவ்களுக்குக் காட்டும். 'புதுசு' என்று வாங்கியது ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியிருந்தால், திருப்பிக் கொடுங்கள்.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்...

என் கதையின் இரண்டாம் பாகம் இங்கே. அடுத்த நாள் 2.5 இன்ச் சாட்டா வாங்கி, சி டிரைவில் இருந்ததை எல்லாம் காப்பி எடுத்து, எஸ்.எஸ்.டி மாட்டினேன். 20 விநாடிக்குள் ஆன் ஆனது. எல்லோரும் கை தட்டினார்கள். பத்து நிமிடம் கழித்து சித்தி பொண்ணு மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, டி டிரைவ்ல பாட்டி போட்டோ எல்லாம் இருந்துச்சே... அது?"

பாட்டி போன வருடம்தான் இறந்துபோனார். அந்தப் போட்டோக்கள் வேறு எங்கும் இல்லை. பழைய டிஸ்க்கை 'ஃபார்மேட் பண்ணி ஓ.எல்.எக்ஸ்-ல வித்துடலாம்' என்று எடுத்து வைத்திருந்தேன். நல்லவேளை, செய்யவில்லை. அன்றைக்குக் கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

1. எல்லா டிரைவையும் பேக்கப் எடுங்கள். சி மட்டும் அல்ல. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களையும் மறக்காதீர்கள். அந்த பேக்கப்பைத் திறந்து பார்த்து, ஃபைல்கள் இருக்கின்றனவா என்று செக் செய்யுங்கள்.

2. பிட்லாக்கர் கீயை எடுத்து வையுங்கள். பல புது லேப்டாப்களில் நமக்குத் தெரியாமலேயே டேட்டா என்கிரிப்ட் ஆகியிருக்கும். 48 இலக்க ரெக்கவரி கீ இல்லையென்றால், டிஸ்க் கையில் இருந்தும் திறக்க முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அந்தக் கீ இருக்கிறதா என்று பார்த்து, பேப்பரில் எழுதி வையுங்கள்.

3. பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது தொடாதீர்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதற்குள் ஞாபகம் வந்துவிடும்.

4. வாரன்டி காலத்தில் இருக்கும் லேப்டாப் என்றால், நீங்களே திறந்தால் வாரன்டி பாதிக்குமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

குளோனிங்கா, ஃப்ரெஷ் இன்ஸ்டாலா?

பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதற்கு நகலெடுப்பது குளோனிங். பல நிறுவனங்கள் டிரைவோடு இதற்கான சாஃப்ட்வேரை இலவசமாகத் தருகின்றன. ஆனால் பழைய குப்பையும் சேர்ந்தே வரும். பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால், குளோன் செய்யும் முன் அதை ஆஃப் செய்வது பாதுகாப்பு.

என் ஓட்டு ஃப்ரெஷ் இன்ஸ்டாலுக்கு. 8 ஜி.பி பென் டிரைவ் ஒன்று போதும். மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை வைத்து விண்டோஸை அதில் ஏற்றிக்கொள்ளலாம். 'லைசென்ஸ் போயிடுமே' என்று கவலை வேண்டாம். ஆக்டிவேட் ஆன விண்டோஸின் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு இணைந்தது. டிஸ்க் மாறினாலும், அதே எடிஷனைப் போட்டால், இன்டர்நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

இன்டெல் 11-வது தலைமுறை, அதற்குப் பிந்தைய லேப்டாப்களில், இன்ஸ்டால் செய்யும்போது டிரைவே தெரியாமல் போகலாம். பதறாதீர்கள். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்.எஸ்.டி டிரைவரை இறக்கி, அதே பென் டிரைவில் வைத்து லோடு செய்தால் தெரிந்துவிடும்.

மாட்டும்போது: லேப்டாப்பை முழுமையாக ஆஃப் செய்து, சார்ஜரைக் கழற்றுங்கள். திறந்ததும் முதல் வேலை, பேட்டரி கனெக்டரை எடுப்பது. சிப்பைத் தொடும் முன் ஏதாவது உலோகத்தைத் தொட்டு, உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக்கை இறக்குங்கள். எம்.2 டிரைவைக் கொஞ்சம் சாய்வாகச் சொருகி, அழுத்திப் படுக்க வைத்து, ஸ்க்ரூ போடுங்கள். கை நடுங்குதா? பக்கத்துல இருக்குற சர்வீஸ் கடையில கொடுங்க, தப்பில்லை. ஆனால் பேக்கப் எடுத்த பிறகு!

மாத்தியாச்சு... அப்புறம்?

எஸ்.எஸ்.டி-க்கு டீஃப்ராக்மென்ட் சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். டிரிம் என்ற வேலையை விண்டோஸே பார்த்துக்கொள்ளும். அந்த டிரிம் காரணமாகவே, எஸ்.எஸ்.டி-யில் டெலீட் செய்த ஃபைலை மீட்பது ஹார்டு டிஸ்க்கைவிட ரொம்பக் கஷ்டம். ஹார்டு டிஸ்க் சாகும் முன் பல நேரம் 'டக் டக்' என்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடக்கூடும். ஆக, வேகம் கூடக் கூட பேக்கப் பழக்கமும் கூட வேண்டும்.

அதற்குப் பழைய ஹார்டு டிஸ்க்கே உதவும். 2.5 இன்ச் யூ.எஸ்.பி கேஸ் ஒன்று வாங்கி அதில் போட்டால், எக்ஸ்டர்னல் டிஸ்க் ரெடி. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் அதன் ஹெல்த் 'குட்' என்று காட்டினால் மட்டும் இதைச் செய்யுங்கள். அதையே ஒரே நகலாக நம்பாமல், முக்கியமான போட்டோக்களை கிளவுடிலும் ஒரு காப்பி வையுங்கள்.

சித்தப்பா இ.எம்.ஐ போடவில்லை. சித்தி பொண்ணு அதே லேப்டாப்பில்தான் இப்போது புராஜெக்ட் செய்துகொண்டிருக்கிறாள். பழைய டிஸ்க் கேஸுக்குள் போய், பீரோவில் பாட்டியின் போட்டோக்களோடு பத்திரமாக இருக்கிறது. நான் தப்பாக வாங்கிய அந்த என்.வி.எம்.இ? ஆபீஸில் என் டெஸ்க்டாப்புக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில்தான் இந்தக் கட்டுரையை டைப் செய்தேன்.

உங்க லேப்டாப்பைத் திருப்பி, அடியில இருக்குற மாடல் நம்பரை முதல்ல ஒரு போட்டோ எடுங்க. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்!